மின்னலைத் தாங்கும் பெட்டி என்று 1,850 ரூபாய்க்கு விற்றார்கள்

தென்காசிப் பக்கத்தில் நான்கு கணினிகளை வைத்துத் தட்டச்சு, நகல் எடுக்கும் கடை நடத்துகிறேன். யுபிஎஸ் வாங்கிய இடத்திலேயே, மின்னலைத் தாங்கும் என்று சொல்லி இரண்டு ஸ்பைக் கார்டு பெட்டிகளைத் தலா 1,850 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். எர்த் குழி போட 4,500 ரூபாய் தனி. "இனி மழைக்கு எந்தப் பிளக்கையும் பிடுங்க வேண்டாம், அண்ணாச்சி" என்றார் ஆள். நானும் பிடுங்கவில்லை.

ஐப்பசியில் ஓர் இரவு பின்புறத் தென்னையில் இடி விழுந்தது. காலையில் இரண்டு கணினிகளும் ரூட்டரும் உயிரற்றுக் கிடந்தன.

பெட்டியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். மிகையாக வரும் மின்னழுத்தத்தைத் திசைதிருப்ப, சிறு நாணயம் போன்ற வாரிஸ்டர் என்ற வட்டு உள்ளே இருக்க வேண்டும். பித்தளைப் பட்டைகளும், 'பாதுகாப்பு' என்று எழுதிய இடத்தில் எரியும் ஒரு நியான் விளக்கும்தான் இருந்தன. மூன்றாவது பின்னுக்குரிய பச்சை எர்த் கம்பியைச் சுருட்டி டேப் ஒட்டியிருந்தார்கள்.

அதைவிட மோசம் சுவரில் இருந்தது. எர்த் கம்பியைக் குழிக்கு இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள். இப்படிச் செய்தாலும் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும்; அன்று அதை எரியவைத்துக் காட்டித்தான் என்னிடம் பணம் வாங்கினார்கள். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்துவிட்டால், கணினியின் இரும்புக் கூட்டிலேயே 230 வோல்ட் ஏறி நிற்கும். தொட்டவர் கதி என்ன என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆகவே லேம்ப் எரிவதை நம்பாமல், சாக்கெட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குழியின் எதிர்ப்பைக் கருவி வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

குழியையும் தோண்டினேன். குறைந்தது 2.5 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில், முழங்கை நீளக் கம்பி ஒன்று கையோடு வந்தது. எர்த் நன்றாகப் பிடிக்கக் குழியில் போடும் கரியும் இல்லை, உப்பும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வாரிஸ்டர் உள்ள பெட்டியாக இருந்தாலும், அவ்வளவு அருகில் விழும் இடியை அது தாங்கும் என்று சொல்ல முடியாது, கம்பத்திலிருந்து வரும் இணையக் கேபிள் வழியாகவும் மின்னல் நுழையும். பிளக்கோடு அந்தக் கேபிளையும் பிடுங்குவதே வழி. அதைத்தான் வேண்டாம் என்றார்கள்.

கணினி நிறுவனம், மின்னல் சேதம் வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டது. விற்றவரோ, "இடி கடவுள் செயல்" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்தேன், பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது, "சாமான் வகை, கூலி 8,200" என்று பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு.