வேன் விடுவதா, கிளை மாற்றுவதா?

பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் வந்துபோக வேன் விடுவதா, வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கே அவர்களை மாற்றுவதா என்பதுதான் கேள்வி. சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கும் காசாளர் ஓமலூர் கிளைக்குப் போகிறார். ஓமலூர்க்காரர் அம்மாபேட்டைக்கு வருகிறார். அதே வேலை, அதே சம்பளம். காலை 8.30 மணிக்கு ஐந்து ரோட்டு நெரிசலில் இருவரின் பஸ்களும் எதிரெதிரே நிற்கின்றன.

வேன் விட்டால் கம்பியைப் பிடித்துத் தொங்குவது நிற்கும், உண்மைதான். ஆனால் தூரம் அப்படியே இருக்கும். டீசல் செலவும் மாதாமாதம் வரும். இருவரையும் கிளை மாற்றிக்கொடுக்க ஒரு கடிதம் போதும். மதியம் வீட்டில் சுடுசோறு, மாலையில் பள்ளி வாசலில் பிள்ளையின் கையைப் பிடிக்க நேரம்: எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. அவர்களே விரும்பிக் கேட்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் அது தண்டனை.

ஏற்காடு கிளைக்கு மலையிலேயே ஆள் கிடைக்காதபோது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வேன்தான் வேண்டும்.