ஸ்கைடைவிங் உரிமத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

அமெரிக்காவில் ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) கற்று, தனியாகக் குதிக்க அனுமதிக்கும் முதல் உரிமமான 'ஏ' உரிமம் வாங்க ஆசைப்படும் நம்மவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டெக்சஸில் ஒரு சிறிய பயிற்சிப் பள்ளியில், "முதல் குதிப்பிலிருந்து உரிமம் வரை ஒரே கட்டணம்" என்ற திட்டத்தில் மார்ச் மாதம் மூவாயிரம் டாலருக்கு மேல் கட்டினேன். உரிமம் அங்கே கிடைக்கவில்லை. பணத்தில் ஒரு பகுதிதான் திரும்ப வந்தது, அதுவும் போராடிய பிறகு. பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே வேலையைச் செய்யும் இடம் எதுவானாலும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளும்படி நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்க பாராசூட் சங்கமான யூஎஸ்பிஏ வழங்கும் ஏ உரிமத்துக்கு 25 குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும். பலருக்கு அதற்கு மேலும் ஆகும். பயிற்றுநர் கூடவே குதித்து நிலை நிலையாகக் கற்பிக்கும் ஏஎஃப்எஃப் முறையில் ஒரு நிலையைத் தேறாவிட்டால் அதையே மறுபடி குதிக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளி விளம்பரப்படுத்திய தொகையோ எந்த நிலையிலும் தவறாத மாணவனுக்கானது. மறு குதிப்புக்குத் தனிக் கட்டணம், உபகரண வாடகை தனி, பாராசூட்டை மடித்துத் தருவதற்கும் தனி. ஆறு மாதத்தில் திட்டம் காலாவதியாகிவிடும், பணம் திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனைகள் இருந்த தாளைப் பணம் வாங்கிய பிறகே என் கையில் கொடுத்தார்கள்.

அவர்களிடம் இருந்தது செஸ்னா 182 என்ற ஒரே ஒரு சிறு விமானம். விமானியைத் தவிர நான்கு பேர் உட்காரலாம். ஏஎஃப்எஃப் தொடக்க நிலைகளில் ஒரு மாணவனோடு இரண்டு பயிற்றுநர்கள் குதிக்க வேண்டும் என்பதால் மூன்று இடம் அதற்கே போய்விடும். அதே விமானத்தில் இரண்டு டேண்டம் ஜோடிகளை (பயிற்றுநரும், அவர் உடலோடு பிணைக்கப்பட்டுக் குதிக்கும் வாடிக்கையாளரும்) ஏற்றினால் இரண்டு புதிய வாடிக்கையாளர்கள், கைமேல் காசு, வீடியோவுக்கு இன்னும் கொஞ்சம். நாங்களோ ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள். எங்களை மேலே கொண்டுபோவது அவர்களுக்கு வெறும் செலவு. மொத்தப் பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்ட பள்ளியில் மாணவன் ஏன் காத்துக் கிடக்கிறான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காற்றை நான் குறை சொல்லவில்லை. தனியாக இறங்கும் மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக் கூடாது என்பது யூஎஸ்பிஏ விதி. டேண்டமுக்கு அந்த வரம்பு இல்லை. வசந்த காலத்தில் அங்கே வெயில் ஏறினால் காற்றும் எழும்பிவிடும். ஆகவே மாணவர்களுக்கு ஏற்ற நேரம் அதிகாலைதான். ஒரு சனிக்கிழமை காலை, காற்றின் வேகத்தைக் காட்டும் காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. குதிப்பு உடையை மாட்டி, உயரமானியை மணிக்கட்டில் கட்டி நாங்கள் தயாராக நின்றோம். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கூட்டத்தை எங்களுக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக ஏற்றி இறக்கினார்கள். அவர்கள் முடித்தபோது காற்றுப்பை படபடத்து நிமிர்ந்திருந்தது. "இன்று மாணவர்களுக்கு முடியாது, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். அடுத்த வாரமும் அதே கதை.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 30 நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் மாணவர் பயிற்றுநரோடு புதுப்பிப்புப் பயிற்சி செய்து மறுபடி குதிக்க வேண்டும். பாதுகாப்புக்கு அது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களைக் காக்க வைத்தே அந்த 30 நாளைக் கழித்துவிட்டு, புதுப்பிப்புக்கும் எங்களிடமே காசு கேட்டார்கள். தாமதம் அவர்களால், தண்டம் எங்களுக்கு!

உயரத்திலும் ஏமாற்றம்தான். செஸ்னா எங்களை 10,000 அடிக்குத்தான் கொண்டுபோனது. தொடக்க மாணவர் 5,500 அடியில் பாராசூட்டை விரிக்க வேண்டும். இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய 28 வினாடி. ட்வின் ஆட்டர் போன்ற பெரிய டர்பைன் விமானம் வைத்திருக்கும் மையத்தில் 13,500 அடியிலிருந்து குதித்தால் 45 வினாடி கிடைக்கும். காற்றில் உடலை நிலைநிறுத்தக் கற்பவனுக்கு அந்த 17 வினாடி எவ்வளவு பெரியது என்பதைக் குதித்தவர்கள் அறிவார்கள். சிறிய விமானத்தில் நன்றாகக் கற்பிக்கும் நேர்மையான இடங்கள் உண்டு. அவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், கட்டணத்தையும் அதற்கேற்ப வைப்பார்கள்.

இவற்றையெல்லாம் பணத்தோடு போனதாக விட்டிருப்பேன். மே மாதம் நடந்ததை விட முடியாது. என்னோடு பயின்ற மதுரைத் தம்பி ஒருவர், தனக்குக் கொடுத்த பாராசூட் பையின் சிறு உறையிலிருந்து ஓர் அட்டையை உருவி, "அண்ணா, இந்தத் தேதியைப் பாருங்கள்" என்று நீட்டினார். ரிசர்வ் எனப்படும் மாற்று பாராசூட் எப்போது மடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் அட்டை அது. அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிப்படி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் ரிசர்வை 180 நாட்களுக்கு ஒருமுறை பாராசூட்டை மடிக்கவும் பராமரிக்கவும் சான்று பெற்ற ரிக்கர் பிரித்துச் சோதித்து, மறுபடி மடித்து, முத்திரையிட்டு அட்டையில் கையெழுத்திட வேண்டும். அதில் இருந்த கடைசித் தேதி முந்தைய செப்டம்பர். கேட்டதற்கு, "மடித்தாகிவிட்டது, எழுத விட்டுப்போயிருக்கும்" என்று அலட்சியமாகப் பதில் வந்தது. முதன்மை பாராசூட் சிக்கிக்கொண்டால் உயிருக்கு மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். நாங்கள் இருவரும் பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தோம். எஃப்ஏஏவின் வட்டார அலுவலகத்துக்கும் யூஎஸ்பிஏவுக்கும் அட்டையின் புகைப்படத்தோடு எழுதினோம்.

நீங்களும் அந்த அட்டையைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். பயிற்றுநரின் யூஎஸ்பிஏ தகுதியையும், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2016-ல் கலிபோர்னியாவின் லோடை அருகே டேண்டம் குதிப்பில் 18 வயது இளைஞரும் பயிற்றுநரும் இறந்தார்கள். அந்தப் பயிற்றுநருக்கு முறையான தகுதி இல்லை என்பதும், அவருக்குப் பயிற்சி அளித்தவர் தன் உரிமை இடைநிறுத்தப்பட்டிருந்த காலத்தில் வேறொருவரின் கையெழுத்தைப் பயன்படுத்தினார் என்பதும் பின்னர் வெளிவந்தன. குதிப்பவர்களுக்கு அரசு உரிமம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது. பள்ளிகள் யூஎஸ்பிஏவில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஆகவே சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

வெளியேறும்போதும் இழுத்தடித்தார்கள். எங்கள் உரிம முன்னேற்ற அட்டை அவர்களுடைய கோப்பு அலமாரியில் இருந்தது. அதில் உள்ள கையெழுத்துகள் இல்லாவிட்டால் புதிய பள்ளியில் பழையதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். பல முறை கேட்ட பிறகே கொடுத்தார்கள். குதிப்புகளைப் பதியும் லாக்புக்கையும் அந்த அட்டையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையெழுத்தையும் அன்றன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். இப்போது நான் போகும் மையத்தில் குதிப்புக்குக் குதிப்பு பணம் கட்டுகிறேன். மதிப்பீட்டுக் குதிப்பு ஒன்றை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர விட்டார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால்தான் எனக்குக் கொஞ்சமாவது திரும்பியது. ஒப்புக்கொண்ட சேவையைத் தரவில்லை என்று, அந்தத் தொகை முதலில் வந்த கார்டு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒரு பள்ளியில் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த அறிக்கையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாள் மிச்சமிருந்தால், பள்ளிக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் குதிக்காமல் திரும்பிய நாட்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். நான் எழுதிய புகார்க் கடிதத்தின் நகல் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன்.