22 படிகள் ஏறினால் மூத்தோர் மன்றம்

எங்கள் மூத்தோர் மன்றத்தில் சேரலாமா வேண்டாமா என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம். பதினான்கு மாதமாக உறுப்பினராக இருக்கிறேன், செயற்குழுவில் இல்லை. அதனால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

முதலில் படிக்கட்டு. எங்கள் பகுதி மூத்தோர் மன்றம் கூடும் அறை முதல் மாடியில் இருக்கிறது. 22 படிகள், லிஃப்ட் கிடையாது. கைப்பிடி ஒரு பக்கம்தான், ஏறும்போது இடது கைக்கு வரும். பக்கவாதத்தில் வலது கை சோர்ந்துபோன உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். ஏறும்போது அவருக்குப் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் கைப்பிடி வலது பக்கம் போய்விடுகிறது. அதனால் அவர் திரும்புவதே இல்லை. ஏறிய அதே நிலையில், மேலே பார்த்தபடி, பின்னங்காலால் படியைத் துழாவித் துழாவி இறங்குவார். இதை நான் கவனிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. இந்த மன்றம்தான் அரசு அலுவலகங்களில் சாய்தளம் கட்டச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறது!

சரி, நான் யார் என்று சொல்ல வேண்டும். அச்சகத்தில் 33 வருடம் மெய்ப்புத் திருத்தினேன். ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் இன்றும் கை பேனாவைத் தேடும். ஓய்வு பெற்றதும் மகள் இந்த மன்றத்தைப் பற்றிச் சொன்னாள். நான் போகவில்லை. 'முதியோர்' என்ற சொல் என்னை ஓர் அலமாரியில் தூக்கி வைப்பதுபோல இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்து, படிக்கக்கூடாது என்று வீட்டில் உட்கார்ந்திருந்த வாரங்களில்தான் ஒருநாள் போய்ப் பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

போனால், அன்றைக்கு அங்கேயும் அதே சண்டை. பெயர்ப் பலகையில் 'முதியோர்' போடுவதா, 'மூத்தோர்' போடுவதா, 'மூத்த குடிமக்கள்' போடுவதா என்று முக்கால் மணி நேரம். பெயர் பெரிய மன்றங்களிலும் லேசான விஷயம் இல்லை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1995இல் வெளியிட்ட 6ஆம் பொதுக் கருத்துரையிலேயே, புழக்கத்தில் இருந்த பல சொற்களைப் பட்டியலிட்டு, 'வயதில் மூத்தவர்கள்' என்ற பொருள் தரும் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். எங்கள் கூட்டத்தில் மூத்தோர் ஜெயித்தது. பலகை வந்தபோது 'மன்றம்' என்பதில் றகரம் ரகரமாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய அன்றே என்னை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வாரத்தில் மூன்று நாள் மன்றம் திறந்திருக்கும். சதுரங்கம், செய்தித்தாள், அரட்டை எல்லாம் உண்டு. நான் வருவது புதன்கிழமை உடற்பயிற்சிக்கு. பெரிதாக ஒன்றுமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார வேண்டும், குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடக்க வேண்டும், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் நாலாவது முறைக்கு மேல் எழ முடியவில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அதில் அதிகம்பேர் அறுபது தாண்டியவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பயிற்சியாளர் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தாளைவிட என்னுடைய நாலாவது முறைதான் என்னைப் பயமுறுத்தியது. இப்போது பன்னிரண்டு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை சொற்பொழிவுகளை நம்பி வராதீர்கள். சிறப்பு விருந்தினரை வரவேற்க ஒருவர், அறிமுகப்படுத்த ஒருவர், அவர் பேசி முடித்ததும் அவர் பேசியதைத் திரும்பச் சொல்ல ஒருவர். பிறந்தநாள் கொண்டாட்டம் அதைவிட நீளம். ஒலிபெருக்கியும் ஒரு தொல்லை. பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். வயதில் காது போகும்போது பெரும்பாலும் மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். சத்தம் வந்து விழும், மெல்லிய மெய்யெழுத்துகள் மட்டும் காணாமல் போகும். எதிரொலிக்கும் அறையில் சத்தத்தை ஏற்றினால் இன்னும் குழம்பும். ஒலிவாங்கியை வாய்க்கருகில் வைத்து நிதானமாகப் பேசினாலே பாதி சரியாகும். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன்.

விதிவிலக்காக ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்வேன். தொலைபேசி மோசடியைப் பற்றி யாரும் சொற்பொழிவு செய்யவில்லை. ஓய்வுபெற்ற நாடக நடிகர் ஒருவர் மோசடிக்காரனாக நடித்து, கூட்டத்தில் இருந்த எங்களையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "அம்மா, உங்கள் கணக்கு இன்னும் பத்து நிமிடத்தில் முடக்கப்படும்" என்று அவர் சொன்ன வேகத்தில் ஒரு முன்னாள் கணக்குத் தணிக்கையாளர் ரகசிய எண்ணைச் சொல்லியே விட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, போன வருஷம் நிஜமாகவே சொல்லியிருக்கேன்" என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

இனி இந்த மன்றத்தில் நான் தங்கிவிட்டதற்கான காரணம்.

கோரிக்கைக் குழு என்று ஒன்று இருக்கிறது. செயலாளர், அவருடன் ஏழெட்டுப் பேர். அவர் மின்வாரியத்திலோ எங்கோ எழுத்தராக இருந்தவர், கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர். உரிமை பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1970இல் அமெரிக்காவில் 65 வயது ஆனதும் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மேகி குன் என்ற பெண்மணி வீட்டுக்குப் போய் உட்காராமல் 'கிரே பாந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். வயதை வைத்து ஒதுக்குவதற்கு 1969இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தாராம். தமிழில் 'வயதுப் பாகுபாடு' போதும் என்று நான்தான் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

ஆனால் அவர் செய்யும் வேலை சின்னது. அதுதான் அதன் பலம். உறுப்பினர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். அந்த நோயில் கை நடுங்கும், எழுத்தும் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். ஒரு வங்கிக் கிளையில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தப் பணம்! செயலாளர் கூடவே போனார். குரலை உயர்த்தவில்லை. "எழுத்து மாறியவர்களுக்கு உங்கள் விதிப்படி மாற்று வழி என்ன, எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் பெருவிரல் ரேகைக்கான படிவம் வந்தது. படிவத்தின் அச்செழுத்து அளவு 8 புள்ளிக்கு மேல் இருக்காது, என் கண்ணுக்குத் தெரியும். பெரிய எழுத்தில் படிவம் வேண்டும் என்று அடுத்த மனுவை எழுதியது நான்.

அப்புறம் சாலை விளக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை. மன்றத்துக்கு எதிரே பாதசாரிகள் கடக்கும் இடம். பச்சை விளக்கு சீக்கிரம் போய்விடுகிறது என்று எல்லாரும் புலம்புவார்கள். புலம்பலை மனுவாக எழுத முடியாது என்றார் செயலாளர். ஒரு ஞாயிறு காலை, சாலை காலியாக இருக்கும்போது அளவு நாடாவும் கைபேசிக் கடிகாரமுமாக ஆறு பேர் இறங்கினோம். சாலை 14 மீட்டர். விளக்கு 12 நொடி. பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்போம் என்று வைத்துத்தான் இந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 2012இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 65 தாண்டிய ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8 மீட்டர் என்று கண்டிருந்தார்கள். எங்கள் ஆறு பேரின் வேகமும் ஏறக்குறைய அதுவேதான். 0.8இல் நடந்தால் 14 மீட்டருக்கு பதினேழரை நொடி வேண்டும். பன்னிரண்டாவது நொடியில் நாங்கள் சாலையில் எங்கே நிற்போம் என்று படம் வரைந்து, சாக்கட்டியால் குறியிட்டுப் புகைப்படமும் எடுத்து இணைத்தோம்.

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, கடிதம் கிடைத்தது என்று பதில். மூன்றாவதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, படத்தை மேசையில் விரித்துக் காட்டினோம். ஐந்து மாதம் கழித்து விளக்கு 16 நொடியாயிற்று. மன்றத்தில் பெரிய கைதட்டல். நான் மட்டும் கணக்குப் போட்டேன். 0.9இல் நடக்கும் ஆண்களுக்குப் பதினைந்தரை நொடிதான் ஆகும், அவர்கள் கரை சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்கு இன்னும் ஒன்றரை நொடி பாக்கி.

இது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கோரிக்கைக் குழுவில் செயலாளரையும் சேர்த்து எட்டுப் பேரில் ஒரே ஒரு பெண். தலைவர் ஒன்பது வருடமாக ஒருவரே, நல்ல மனிதர்தான், ஆனால் தேர்தல் என்றால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குகிறார்கள். மாதக் கூட்டத்தில் பாராட்டுரை எல்லாம் முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடும்போதுதான் கோரிக்கைகள் வரும். செயலாளர் நாளைக்கே படுத்துவிட்டால் இந்தக் கோப்புகளை யார் தொடர்வது? வேறு யாருக்கும் எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்று தெரியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் சார் என்று கேட்டிருக்கிறேன். எழுதுகிறேன் என்றார்.

உலகத்திலும் மெதுவாகத்தான் நகர்கிறது. குழந்தைகளுக்கு ஐ.நா. உடன்படிக்கை 1989இலேயே வந்துவிட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு 2006இல். மூத்தோருக்கு 1991இல் சில கோட்பாடுகள் கிடைத்தன, 2002இல் மாட்ரிட்டில் ஒரு செயல்திட்டம். ஆனால் சட்டமாகக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு வரைவு எழுத மனித உரிமைக் கவுன்சில் ஒரு பணிக்குழுவை அமைக்க முடிவு செய்தது 2025 ஏப்ரலில்தான். ஐந்து மாதத்தில் நாலு நொடி வாங்கிய நாங்கள் வேகமானவர்கள் போலிருக்கிறது.

தொலைபேசிச் சங்கிலியை விட்டுவிட்டேனே. வெளியே வர முடியாதவர்களும் தனியாக இருப்பவர்களும் ஒரு பட்டியலில் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், கடைசி ஆள் செயலாளரைக் கூப்பிட்டால் சங்கிலி முடிந்தது. எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி, அதற்கும் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுச் சாவி. போன குளிர்காலத்தில் ஒருவரைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கினார்கள். இரவு பதினொன்றிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. பிழைத்தார். எனக்குப் பிறகு சங்கிலியில் இருப்பவர் அவர்தான், இப்போது நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்து "இருக்கேன் இருக்கேன்" என்கிறார்.

யாருக்குச் சரிவரும்? படி ஏற முடிகிறவர்களுக்கு. கூட்டத்தில் பேசத் தெரியாது, ஆனால் எழுதவோ அளக்கவோ கணக்குப் போடவோ வரும் என்பவர்களுக்கு நிச்சயம் வேலை இருக்கிறது. பொழுதுபோக்கு மட்டும் போதும் என்றால் புதன்கிழமை வாருங்கள், வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். சந்தா கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை, யார் கொடுக்கவில்லை என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்காகவே அரை மதிப்பெண் கூட்டி, ஐந்துக்கு மூன்றரை.

படிக்கட்டின் மறுபக்கமும் கைப்பிடி போட வேண்டும், முடிந்தால் கூட்டத்தையே கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று 16 புள்ளி எழுத்தில் ஒரு மனு எழுதி மன்றத்திடமே கொடுத்திருக்கிறேன். பின்னோக்கி இறங்குபவர்தான் முதல் கையெழுத்து, இடது கையால் போட்டார். அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் நேற்று வந்தது. என் மனு ஏழாவது. மொத்தம் ஏழு.