நின்றுபோன நாவற்பழ வைன்: ஈஸ்டைத் தூவுவதா, பழக்கிச் சேர்ப்பதா?

நத்தாருக்கென்று ஆடி மாதத்தில் போட்ட 5 லீற்றர் நாவற்பழ வைன், ஒன்பதாம் நாள் குமிழி விடுவதை நிறுத்திக்கொண்டது. கல்லடியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும் காலம் அது. ஜாடி இருந்ததோ குசினி மூலையில், கூரைத் தகட்டுக்கு நேர் கீழே. மூடியில் கசிவிருந்தாலும் குமிழி வராது என்பதால் நீரமானியை (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி; சீனி மதுசாரமாக மாற மாற அளவு இறங்கும்) விட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் 1.095 காட்டியது, 1.035 இல் நின்று மூன்று நாட்களாக அசையவில்லை. ஏறத்தாழ 8 சதவீத மதுசாரம் சேர்ந்திருந்தது; சீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிச்சம்.

உலர்ந்த வைன் ஈஸ்டை அப்படியே மேலே தூவுவது எளிய வழி. பக்கெட்டின் பாதியைத் தூவினேன். மறுநாள் காலையில் மெல்லிய நுரை படர்ந்தது, அதற்கடுத்த நாள் அடங்கியது, அளவு 1.033 இற்குக் கீழே இறங்கவில்லை.

மறுபாதியைப் பழக்கிச் சேர்த்தேன். என் சாய்வு இந்த வழிக்கே. உலர்ந்த ஈஸ்ட் நீரை உறிஞ்சும் முதற்சில நிமிடங்களில் அதன் கலச்சவ்வு எதையும் தடுக்கும் நிலையில் இராது. அந்நேரம் சுற்றியிருப்பது மதுசாரமானால் பெரும்பகுதி அங்கேயே மடிந்துவிடும். ஆகவே கை பொறுக்கும் சூடுள்ள ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி சீனியுடன் அதை ஊறவைத்து, நன்கு நுரைத்த பின் நின்றுபோன வைனில் அரைக் கோப்பை சேர்த்தேன். மீண்டும் நுரைக்கச் சில மணிநேரம் எடுத்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் நுரைக்கும்வரை காத்திருந்து, இருக்கும் அளவுக்குச் சமமாக வைனைச் சேர்த்துக்கொண்டே போனேன். கலவையைக் கொண்டுபோய் ஜாடிக்குள் கொட்டுவதல்ல, கலவைக்குள் வைனைச் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை. ஈஸ்டின் போசணைக்குப் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போடச் சொன்னார் அம்மம்மா. அதில் ஈஸ்டுக்குத் தேவையான நைதரசன் சொற்பம் என்பதால், ஒரு தேக்கரண்டி பாண் ஈஸ்டை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தேன். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு நல்ல தீனி.

இரண்டு நாள் பொறுமையும் இரவில் ஒருமுறை எழும்பிப் பார்ப்பதும் இதற்கான விலை. பதினெட்டாம் நாள் நீரமானி 1.000 இற்கு வந்தது. இந்த இரண்டாம் முயற்சிக்கு முன் ஜாடியைத் தண்ணீர்த் தாச்சியில் இறக்கி ஈரச் சாக்கும் சுற்றியிருந்தேன் என்பதால், வெற்றி முழுவதையும் பழக்கியதன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. தூவிய போது வெப்பத்தையும் தணித்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே, மதுசாரம் சேருமுன் நின்றுவிட்டால் தூவுவதே போதும். அதற்குப்போய் இரவு விழிக்கத் தேவையில்லை. வினாகிரி வாடை ஏறிவிட்ட ஜாடிக்கோ இரண்டு வழியும் வீண், அதை அச்சாறுக்கு ஒதுக்கி வைக்கலாம்.