டெல்லியில் ரோஜாக் கவாத்துக்கு ஆள் அழைப்பவர்கள் கவனத்துக்கு

டெல்லியில் ரோஜா வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள், வரும் அக்டோபரில் கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதற்கு, வெளியாட்களை அழைப்பதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தை நம்பி 9 செடிகளை இழந்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

மயூர் விஹாரில் எங்கள் தரைத்தள வீட்டின் முன்புறம் 14 ரோஜாச் செடிகள் இருந்தன. அவற்றில் 12 ஒட்டுச் செடிகள். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான ரக்தகந்தாவும் மோகினியும் அவற்றுள் அடக்கம். ஒன்று சுவரில் படரும் கொடி ரோஜா. இன்னொன்று, என் மாமியார் கும்பகோணத்து வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த குச்சியிலிருந்து வளர்ந்த பன்னீர் ரோஜா. ஆண்டுதோறும் என் கணவரே கவாத்து செய்துவந்தார். சென்ற ஆண்டு அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததால், ரோஜாவுக்கென்றே அனுபவமுள்ள மாலி (தோட்டக்காரர்) வருவார் என்று உறுதியளித்த அந்த நிறுவனத்திடம் 6,500 ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

டெல்லியில் கவாத்துக்கு உரிய காலம் அக்டோபர் நடுப்பகுதி. அதற்கு முன்பே வெட்டினால் மிச்சமிருக்கும் வெயிலில் இளந்தளிர் கருகும். மிகவும் தாமதித்தால் குளிரில் தளிர்ப்பு மந்தமாகிப் பூப்பது தள்ளிப்போகும். இதை நான் தொலைபேசியில் சொல்லியிருந்தும் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் பல வீடுகளை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றார்கள். வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். அவர்கள் கையில் இருந்தது வேலிச்செடியைச் சமன்செய்யும் பெரிய கத்தரி. நான் மருத்துவமனைக்குப் போய்வந்த இரண்டு மணி நேரத்துக்குள் 14 செடிகளையும், கொடி ரோஜா உட்பட, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி முடித்திருந்தார்கள்.

இங்கேதான் பெரும் சேதம் நேர்ந்தது. கடையில் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை, வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் கண்ணை (தளிர் கிளம்பும் மொட்டை) ஒட்டி வளர்க்கப்பட்டவை. வட இந்தியாவில் இதற்கு ரோசா இண்டிகா ஒடொரேட்டா என்ற வகையே அதிகம் பயன்படுகிறது. மண்ணுக்குச் சற்று மேலே தண்டு முடிச்சுப் போலப் புடைத்திருக்கும் இடமே ஒட்டுப் பகுதி. அதற்கு மேலே இருப்பதுதான் நாம் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா. 9 செடிகளில் அந்த முடிச்சையே வெட்டி எறிந்திருந்தார்கள்.

வெட்டிய நுனிகளில் நோய் தடுக்கும் மருந்து என்று ஒரு செந்நிறக் குழம்பைப் பூசி, அதற்குத் தனியாக 900 ரூபாய் வாங்கினார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை இளநீலமாக இருக்குமே என்று கேட்டதற்கு, இது சௌபாட்டியா பசை என்றார் மேற்பார்வையாளர். சிவப்பு ஈயம் சேர்ந்த அப்படியொரு பசை உண்மையிலேயே உண்டு என்பதால் நானும் அடங்கிவிட்டேன். ஆனால் அது ஆளிவிதை எண்ணெயில் குழைக்கப்படுவது, தண்ணீரில் கரையாது. மறுநாள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபோது எல்லாம் கரைந்து ஓடி, கையில் ஒட்டியதைப் பார்த்தால், மார்கழிக் கோலத்துக்கு நான் கரை கட்டும் அதே காவி மண். பாதுகாப்பில்லாத வெட்டுகளின் வழியே பூஞ்சை இறங்கி, எஞ்சிய 3 ஒட்டுச் செடிகளில் இரண்டு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகத் தொடங்கின. கருகிய பகுதிக்குக் கீழே பச்சைத் தண்டு தெரியும்வரை மீண்டும் வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பூசித்தான் அவற்றைக் காப்பாற்றினோம்.

நவம்பர் முடிவில், வெட்டப்பட்ட செடிகளெல்லாம் நீளமான, செழிப்பான தளிர்களோடு நின்றன. தங்கள் வேலைக்கு இதுவே சான்று என்று சொல்லி நிறுவனம் இரண்டாம் தவணை கேட்டது, நானும் கொடுத்துவிட்டேன். சரியாகக் கவாத்து செய்த செடி ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் பூக்க வேண்டும். ஜனவரி பிறந்தும் அந்த 9 செடிகளில் ஒரு மொட்டுக்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் வசிக்கும், அரசுப் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாலி ஒருவர் வந்து விரலால் மண்ணை விலக்கிக் காட்டியபோதுதான், அத்தனை தளிரும் ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியவை என்பது புரிந்தது. சிற்றிலைகள் ஏழு இருந்தால் அது வேர்ச்செடி என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். நல்ல ரகங்களிலும் ஏழு வருவதுண்டு. தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதே வழி.

பன்னீர் ரோஜா மட்டும் தன் பழைய மணத்தோடு மீண்டு வந்தது. குச்சியில் வேர்விட்ட செடியானதால் அடியிலிருந்து எது துளிர்த்தாலும் அது அதே ரோஜாதான். கொடி ரோஜா உயிரோடு இருக்கிறது. ஆனால் அது முதிர்ந்த நீள்கொடிகளின் பக்கக் கிளைகளில் பூப்பது என்பதால் அந்தப் பருவம் முழுவதும் பூவில்லாமல் போயிற்று.

ஆகவே, யாரை அழைத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன்பு, ஒரு செடியின் ஒட்டுப் பகுதியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரைக் கத்தரி எடுக்க விடாதீர்கள். தண்டுக்கு ஒன்றாகப் பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீ வகையில் வலுவான மூன்று நான்கு கிளைகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கண்கள் இருக்கும்படி, வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகைக்கு இதைவிட மென்மையான கவாத்து போதும். கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடைக்கிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். நான் செய்த தவறு, அந்த இரண்டு மணி நேரம் அங்கே இல்லாமல் போனது.

நிறுவனத்திடம் கேட்டபோது மண் சரியில்லை என்றார்கள். பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. ரசீதில் தோட்டப் பராமரிப்பு என்று மட்டுமே இருந்ததால், ரோஜாக் கவாத்துக்காகத்தான் பணம் வாங்கினார்கள் என்பதை வாட்ஸ்அப் செய்திகளைக் கொண்டே காட்ட வேண்டியிருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பின்பு, மருந்துக்கான 900 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வெட்டிய தண்டுகளின் படங்களையும், பிடுங்கிய ஒரு வேர்ச்செடியையும் சான்றுக்காக வைத்திருக்கிறேன்.