பொம்மை வீட்டுத் திரைச்சீலைக்கான மடிப்புப் பலகை

பொம்மை வீட்டுச் சன்னலுக்குத் திரை செய்பவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், துணி தொங்க மறுப்பதுதான். 1:12 அளவில் ஓர் அடி ஓர் அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது; துணியின் விறைப்பு மட்டும் சுருங்குவதில்லை. ஆகவே, ஏழடித் திரைக்கு ஈடான ஏழு அங்குலத் துண்டு தன் எடையால் கீழே படியாமல் பாவாடைபோல விரிந்து நிற்கும். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இந்த ரப்பர் பலகை அக்குறையைப் பெருமளவு தீர்க்கிறது.

துணியைப் பலகையின்மீது விரித்து, பள்ளங்களுக்குள் ஒவ்வொரு மடிப்பாகத் தடித்த அட்டையின் விளிம்பால் அழுத்தி, நீர்த்த கஞ்சியைத் தெளித்து, மேலே ஈரத்துணி போர்த்தி இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டி, நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகே உரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு அவிழ்ந்துவிடும். மெல்லிய பட்டிலும் பழைய மல் துணியிலும் மடிப்பு கத்திமுனையாக நிற்கிறது. பாலியெஸ்டரில் அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. சன்னல் அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு துணி தேவைப்படும் என்பதைக் கணக்கில் கொள்வது நல்லது. விளிம்பை மடித்துத் தைத்தால் அந்தத் தடிமனே பள்ளத்தில் அமராது என்பதால், பிசிறு வராமலிருக்க நீர்த்த பசையை மெல்லப் பூசினால் போதும்.

குறை என்று சொன்னால், பள்ளங்கள் ஒரே அளவில்தான் உள்ளன. 1:24 வீடுகளுக்கு அவை முரட்டுத்தனமாகத் தெரியும். செய்முறைத் தாளும் மிகச் சுருக்கம். விலைக்கு அது நியாயமில்லை. ஓரிரு சன்னல்களுக்காக மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை, ஆனால் வீடு முழுவதற்கும் திரை போடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம்.