பாடசாலைக்கு அரசு அனுப்பிய ஆட்கள்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

சாப்பாட்டுக்கடைக்கும் சலூனுக்கும் நட்சத்திரம் போடுகிறோம், பிள்ளைகளின் பாடசாலைக்கு அரசாங்கம் அனுப்பும் ஆட்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. மகள் கொழும்பு வடக்கில் தரம் 8 படிக்கிறாள், நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு வருடம் இருந்தவன், அதனால் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே பேச்சுதான், கக்கூஸ் கழுவ ஆளில்லை, சம்பளத்துக்குப் பெற்றோர் காசு தாருங்கள் என்று. டெங்கு காலம் வந்தால் சிரமதானம், ஞாயிற்றுக்கிழமையில் அப்பாமார் மண்வெட்டியோடு நிற்போம். அப்புறம் 2020இல் ஒரு லட்சம் பேருக்கு வேலை என்று பல்நோக்கு அபிவிருத்திச் செயலணியைத் தொடங்கினார்கள். வருமானமும் படிப்பும் குறைந்த குடும்பத்து ஆட்களை எடுத்து, ஆறு மாதப் பயிற்சியில் 22,500 ரூபா, பிறகு 35,000 சம்பளத்தில் நிரந்தரம் என்பதுதான் அறிவிப்பு. அப்படி எங்களுக்கு ஒரு அக்கா வந்தார்.

அவருக்கு மட்டுமென்றால் ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, அதனால் எந்தப் பிள்ளை எந்த வீடு என்று மனப்பாடம். கட் அடிக்கப் பார்த்த ஒரு பெடியனை கேற் வாசலில் நிறுத்தி, "உங்கம்மா இப்பதான் சந்தைக்குப் போறா, கூப்பிடவா?" என்று கேட்டாராம், பெடியன் வாயைத் திறக்காமல் வகுப்புக்குத் திரும்பிவிட்டான். வெளியிலிருந்து கம்பனி மூலம் ஆள் எடுத்தால் இதெல்லாம் நடக்குமா?

பிரச்சினை அவரிடமில்லை, அவரை வைத்திருக்கும் விதத்தில்தான். என்ன வேலைக்கு வந்தார் என்று ஒரு பட்டியல்கூடக் கிடையாது. காலையில் கக்கூஸ், பத்து மணிக்கு ஆபீசில் தேநீர், பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்கு பஸ். யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும், சரி என்று தலையாட்டுவதைத் தவிர பாவம் அவருக்கு வேறு வழியில்லை.

பட்டதாரிகள் கதை இன்னும் மோசம். 2020இல் மாதம் 20,000 கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்த்த பட்டதாரிகளில் பலரைப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள், பிறகு அவர்களுக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'அபிவிருத்தி உத்தியோகத்தர்', ஆசிரியர் அல்ல. மகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் சேர்கூட அப்படி வந்தவர்தான். படித்தது வணிகம், ஆனால் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார், டியூஷன் சேரைவிட இவர் சொல்வதுதான் விளங்குகிறது என்கிறாள். பாடம் எடுக்கிறார், விடைத்தாள் திருத்துகிறார், அப்படியிருந்தும் ஆசிரியர் சேவையில் சேர்க்கமாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் இவர்கள் பத்தரமுல்லையில் கல்வி அமைச்சு வாசலில் போய் நிற்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வகுப்புக்குக் கணக்கு இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

ஆக ஆட்களுக்கு ஐந்து, திட்டத்துக்கு ஒன்று, நடுவில் மூன்று. உங்கள் பாடசாலைக்கும் இப்படி யாராவது வந்திருந்தால் அடுத்த கூட்டத்தில் அவர்களின் கடமைப் பட்டியலைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

போன கிழமை பெற்றோர் சந்திப்புக்குப் போனேன், பெண்பிள்ளைகளின் கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றேன். அக்காவிடமாம். அக்கா எங்கே என்றேன். வலயத்துக்குக் கோப்பு கொடுக்கப் போயிருக்கிறாராம்.